உயிரோடு இருக்கிற வேலை

வேப்பம்பட்டில் அக்கா வீட்டுக்குள் நுழைகிறவர்கள் காலில் முதலில் தட்டுப்படுவது ஒரு பிளாஸ்டிக் குழாய். பதினைந்து மீட்டர் நீளம். அதன் ஒரு முனை கூடத்து மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் ஆக்சிஜன் மெஷினில் செருகியிருக்கும். மறுமுனை மாமாவின் மூக்கில். அவர் எந்த அறையில் இருக்கிறார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டே போனால் போதும். அக்கா வீடு பெருக்கும்போது அதைக் கையால் மெல்லத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பெருக்கி முடித்ததும் மறுபடி எடுத்துப் பழைய இடத்திலேயே போடுவாள். மிதித்துவிடுவோமோ என்று அந்த வீட்டில் எல்லோரும் குனிந்த தலையோடுதான் நடப்போம்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். வானியலாளர். திருப்பாச்சூர் பக்கம் கழனி வேலைக்குப் போன குடும்பத்தில் பிறந்து, படித்து, எங்கோ ஒரு மலைமேல் இருந்த தொலைநோக்கி நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகுதான் இங்கே வீடு கட்டிக்கொண்டு வந்தார். வானத்தைப் பார்த்தே காலம் கழித்தவர் என்பதால், விண்வெளிக்கு மனிதர்களை அனுப்புவதைக் கொண்டாடுவார் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அவரோ சிரிப்பார். டி.வி.யில் ராக்கெட் கிளம்பும் செய்தி வந்தால் போதும், தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். "நாலு பேரு போறாங்க மச்சான். அவங்க மூச்சு, தண்ணி, சோறு, கக்கூசு எல்லாம் கூடவே போவுது. அங்க போயி இன்னா பண்றாங்க? உயிரோட இருக்காங்க. அதான் வேல. அத இங்கயே பண்ணலாம், செலவு கம்மி" என்பார்.

நட்சத்திரம் தன் வெளிச்சத்தைத் தானே சுமந்துவந்து நம் வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறது, கூலிகூடக் கேட்பதில்லை, அப்புறம் எதற்கு நாம் கிளம்ப வேண்டும் என்பது அவருடைய கட்சி. செல்போனை வானத்துக்குக் காட்டி இது வியாழன், இது சனி என்று படித்துச் சொல்லும் பக்கத்து வீட்டுக்காரரிடம், போனை இறக்கினால் நிஜமான வியாழனே தெரியுமே என்று பணிவாகச் சொல்வார். துணி துவைத்து முடித்ததும் பாட்டுப் பாடும் வாஷிங் மெஷினுக்குக் கைதட்டுவார். எங்கள் குடும்பத்தில் அவர் அளவுக்குச் சிரித்தவர் யாரும் இல்லை. பீடி, சிகரெட் தொட்டதில்லை. ஆனாலும் அவருடைய நுரையீரல் காரணம் தெரியாமல் இறுக ஆரம்பித்தது. மெஷின் வீட்டுக்கு வந்த அன்று குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இனிமே எனக்கும் அதே வேல மச்சான்" என்றார். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கேஸ் நிரப்பும் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசர். தினமும் என் கண்முன்னால் நூற்றுக்கணக்கான ஆக்சிஜன் சிலிண்டர்கள் நிறைகின்றன. அதனால் அக்காவுக்கு என்மேல் ஒரு நம்பிக்கை. எனக்கோ அதே காரணத்தால் பயம். ஒரு சிலிண்டர் எத்தனை வழிகளில் காலை வாரும் என்று எனக்குத் தெரியும்.

அந்த டிசம்பரில் புயல் கரையைக் கடக்கும் முன்பே இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. காலை ஷிப்டில் இருந்தபோது அக்கா போன் செய்தாள். விடியற்காலையிலேயே கரண்ட் போய்விட்டது, இன்வெர்ட்டரும் தீர்ந்து மெஷின் நின்றுவிட்டது, வீட்டில் இருந்த ஒரே சிலிண்டரை மாமா மாட்டிக்கொண்டிருக்கிறார் என்றாள். துணைமின் நிலையத்துக்குள் தண்ணீர், நாளைக்குத்தான் கரண்ட் வரும் என்று சொல்லிவிட்டார்களாம். ஆம்புலன்ஸ் சுரங்கப்பாதைத் தண்ணீரைத் தாண்டி வர முடியவில்லையாம். மாமா போனை வாங்கி, சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் வரும், கணக்குப் போட்டுவிட்டேன், அவசரப்பட்டு வந்து தண்ணீரில் மாட்டிக்கொள்ளாதே என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

மேனேஜர் மறுபேச்சில்லாமல் இரண்டு மருத்துவச் சிலிண்டர்களைக் கொடுத்தார். எளாவூரைச் சேர்ந்த லோடு வண்டிக்காரர் ஒருவர் வர ஒத்துக்கொண்டார். பெரியபாளையம் வழியாகப் போனோம். சாலை எது, ஏரி எது என்று தெரியவில்லை. தாமரைப்பாக்கம் தாண்டுவதற்குள் வண்டி முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டது. டிரைவர் பானெட்டைத் திறந்து எதையோ கழற்றித் துடைத்தார், நான் பிடித்துக்கொண்டேன். "பயப்படாத நைனா, போயிடலாம்" என்றார். போனில் சிக்னல் இல்லை. பின்னால் இரண்டு சிலிண்டர்களும் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிலிண்டர் காற்றை அளந்து விடும் ரெகுலேட்டர் ஒன்றைத் தனியாக எடுத்துவர அவசரத்தில் மறந்திருந்தேன். இத்தனை வருட வேலையில் நான் செய்த பெரிய தவறு அது. மாமாவின் சிலிண்டரில் இருப்பதைக் கழற்றித்தான் புதியதில் மாட்ட வேண்டும். அதுவரை அவருக்குக் காற்று இருக்காது.

மூன்று மணிக்கு வீட்டை அடைந்தோம். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன் என்று மெதுவாகச் சொன்னாள். புதிய சிலிண்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். மாமா தூங்கவில்லை. கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. சிலிண்டர் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டுக்கும் கீழே கிடந்தது. ரெகுலேட்டர் சேரும் இடத்தில் மெல்லிய சீறல். காலையிலிருந்து கசிந்திருக்கிறது. கணக்குத் தப்பாகிவிட்டது என்று மதியமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அக்காவிடம் சொல்லாமல், நிமிடத்துக்கு இரண்டு லிட்டராக இருந்ததை ஒன்றாகவும், பிறகு அதற்கும் கீழாகவும் தானே குறைத்துக்கொண்டு, அசையாமல் படுத்திருக்கிறார். அசைந்தால் மூச்சு செலவாகும்.

என் கையைப் பிடித்து இழுத்தார். "பயமா கீது மச்சான்" என்றார். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. பிறகு அக்கா நின்ற வாசல் பக்கம் கண்ணைக் காட்டி, "அவளாண்ட சொல்லாத" என்றார்.

என் கையைப் பார்த்தேன். பானெட்டுக்குள் பிடித்துக்கொண்டிருந்த கை, மணிக்கட்டு வரை கிரீஸ். எண்ணெய்க் கையோடு ஆக்சிஜன் வால்வைத் தொடக் கூடாது. அழுத்தத்தில் வரும் ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால் தீப்பிடிக்கும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லும் முதல் விஷயம் அதுதான். திரும்பிக் கொல்லைக்கு ஓடினேன். சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. மறுபடி தேய்த்தேன். அக்கா பின்னாலேயே வந்தாள். அதற்குள் மாமாவின் நிலை அவளுக்குப் புரிந்துவிட்டிருந்தது. "அவரு உயிரு போய்க்கினு கீது, நீ கை கழுவிக்கினு நிக்கிறியாடா" என்றாள். மூன்றாவது முறையும் கழுவினேன். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான நேரம் எனக்குத் தெரியாது.

பழைய சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றியபோது சீறல் நின்று அறை நிசப்தமானது. மாமாவின் நெஞ்சுக்கூடு மட்டும் ஏறி இறங்கியது. பழைய வாஷர் நைந்து கிடந்தது. வேலை நாளில் எப்போதும் சட்டைப் பையில் கிடக்கும் புதிய வாஷரை எடுத்தேன். தினமும் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலையில் மரை ஏறவில்லை. இரண்டு முறை சறுக்கியது. மாமா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை பிடித்தது. வால்வைத் திறந்தேன். குழாயில் காற்று போகும் சத்தம் கேட்டதும் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமாவின் உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது. வெளியே டிரைவர் மழையில் நனைந்தபடி, இன்னொரு சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு, செருப்போடு உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் கரண்ட் வந்தது. மாமா அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார். வாஷிங் மெஷினுக்குக் கைதட்டுவதைத் தொடர்ந்தார். ஆனால் விண்வெளி வீரர்களைப் பற்றிய கேலி மட்டும் நின்றுபோனது. செய்தியில் அவர்கள் வந்தால் சாப்பிடுவதை நிறுத்திவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வேண்டுமென்றே பழைய பேச்சை எடுத்து, ஆளை அனுப்புவது வீண் செலவுதானே மாமா என்று கிண்டினேன். "வீண்தான். அதுல மாத்தமில்ல" என்றார். மூச்சு வாங்க நிறுத்தினார். "எனக்கு நீ கும்மிடிப்பூண்டிலேர்ந்து வந்த. அவங்களுக்கு யாரு வருவா?" என்றார்.

ஆகஸ்டில், வீட்டிலேயே, அக்கா பக்கத்தில் இருக்கும்போது போனார். அன்று கரண்ட் இருந்தது, மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நுரையீரலுக்குத்தான் காற்றை வாங்கிக்கொள்ள இடமில்லை.

அக்கா படித்தது எட்டாவது. மாமா இருந்தவரை வானத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டவள் இல்லை. போன வாரம் நான் வேலையில் இருந்தபோது கூப்பிட்டாள். விண்வெளியிலிருந்து சிலர் திரும்பி வருகிறார்கள், பாராசூட் விரிந்துவிட்டது, தண்ணீரில் விழப்போகிறார்கள், ஆனால் டி.வி.யில் இங்கிலீஷில் பேசுகிறார்கள், ஒன்றும் விளங்கவில்லை, நீ பார்த்துச் சொல் என்றாள். நிரப்பும் கூடத்தை விட்டு வெளியே வந்து போனில் தேடிப் பார்த்தேன். கலம் கடலில் மிதந்துகொண்டிருந்தது. கதவு இன்னும் திறக்கவில்லை. அதைச் சொன்னேன்.

"தொறக்கிற வரிக்கும் போன வெச்சிடாதடா" என்றாள்.

நான் வைக்கவில்லை.