இருட்டுப் பாட்டுக்கு என்ன வேகம்

பம்பாயில் படித்துக்கொண்டிருந்த என் அத்தை மகன், ஒரே வெளிநாட்டு ராக் குழுவின் ஐந்து இசைத்தட்டுகளை லீவுக்குக் கொண்டுவந்திருந்தான். முதல் தட்டின் அட்டையில் நாலு பேரும் சிரிக்கிறார்கள். ஐந்தாவதில் ஆளே இல்லை, வெறும் கறுப்பு. நடுவில் இவர்களுக்கு என்னதான் ஆச்சு? எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வீட்டில் டேப் ரிக்கார்டர் உண்டு, தட்டு ஓட்டுகிற பெட்டி கிடையாது. இருப்பதிலேயே இருட்டான, பயமும் துக்கமுமான பாட்டுகள் எவையென்று அவனிடம் கேட்டு, உத்தமபாளையத்தில் கேசட் பதிந்து தரும் கடையில் தட்டுகளைக் கொடுத்தேன். அவன் யாரிடமோ இரவல் வாங்கியவை. ஞாயிறு மத்தியானம் பஸ்ஸில் அவனோடு போய்விடும்.

ஞாயிறு காலை கடையிலேயே கேசட்டைப் போட்டுக் கேட்டோம். துள்ளுகிற தாளம், அணில் கத்துவதுபோலக் குரல். சாவு பயத்தைப் பற்றியது என்று இவன் சொல்லியிருந்த பாட்டுக்குக் கரகமே ஆடலாம்.

கடைக்கார அண்ணனுக்கோ பெருமை. "ஒரேயடியா இழுத்துச்சு தம்பி. கரண்டு கம்மின்னு நாந்தேன் ஸ்பீட ஏத்திவிட்டேன்."

பாட்டே இழுவைதான் என்று தெரியாத அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தோட்டத்து மோட்டாரெல்லாம் ஓடும் நேரத்தில் அங்கன எந்தப் பாட்டும் இழுக்கும். சின்னத் தட்டுக்கு உண்டான கூடுதல் வேகத்தில் பெரிய தட்டைச் சுற்றவிடுவது அவருடைய வழக்கமான வைத்தியம்.

பஸ்ஸுக்கு முன் ஒரே ஒரு பாட்டைத்தான் திரும்பப் பதிய முடியும். எதை? அத்தை மகன் யோசிக்காமல் கறுப்பு அட்டையின் கடைசிப் பாட்டைக் காட்டினான்.

சரியான வேகத்தில் அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. மகள் கல்யாணத்துக்குப் பாட்டுப் பதிய வந்திருந்த திராட்சை வியாபாரி எட்டிப் பார்த்தார்.

"யாரு செத்தாக?"

"யாரும் சாகல. நல்லாத்தேன் இருக்காக" என்றான் இவன்.

"பெறகு என்னவாம்?"

நான் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்ததும் அதைத்தான். அவன் கறுப்பு அட்டையை அவரிடம் நீட்டினான். பாட்டு முடியும்வரை வியாபாரியும் நகரவில்லை.

தட்டுகள் போய்விட்டன. கேசட்டில் ஒரு பாட்டு மட்டும் உள்ளபடி இருந்தது. மற்றவற்றுக்கு, டேப் ரிக்கார்டரின் மூடியைத் திறந்து, சுற்றுகிற சக்கரத்தை விரலால் லேசாக அழுத்திப் பார்த்தேன். குரல் கொஞ்சங்கொஞ்சமாகக் கனத்து ஒரு வரி சரியாக வந்தது. இன்னும் இருட்டுமா என்று மேலும் கொஞ்சம் அழுத்தினேன்.