கரி அடுப்பும் என் இங்கிலீஷும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷம் தயங்கினேன். எழுதினால் நம் வீட்டுக்கு யார் வருவார்கள் என்ற பயம். போன வாரம் பக்கத்து வீட்டிலும் டூரிஸ்ட்டுகளுக்கு அறை கட்டி, கரி அடுப்பு வாங்கி வைத்திருப்பதைப் பார்த்தேன். இனியும் சும்மா இருந்தால் முருகன் கேட்பான்.

மலைமேல் பள்ளங்கி கிராமத்தில் எங்கள் பூண்டுத் தோட்டத்தை ஒட்டி இரண்டு அறைகள் விடுகிறோம். வாசலில் உட்கார்ந்து குளிர் காயக் கரி அடுப்பு தருவோம். அதை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் ஆள் செத்துப்போவார். புகைகூடத் தெரியாது.

பல ஊர்க்காரர்கள் வருவதால், அதை எச்சரிக்கும் போர்டு இங்கிலீஷில்தான். நான் பத்தாவது. டிக்‌ஷனரியோடு இரண்டு நாள் உட்கார்ந்தேன். தமிழில் சொன்னால், 'பேரன்புக்குரிய விருந்தினர்களே' என்று தொடங்கி, 'இதமான நெருப்பும் தூய காற்றும் இறைவன் அருளால் என்றும் உங்களோடு இணைந்திருக்கட்டும்' என்று முடியும். கிராமர் தப்பு ஒன்றுகூட இல்லை என்றான் டீச்சராக இருக்கும் என் மச்சினன்.

சாவு என்ற வார்த்தையும் இல்லை. எப்படி எழுதுவது? அரிசி தீர்ந்தால் 'நெறைஞ்சிருக்கு' என்று சொல்கிற வீடு இது!

ஒரு மழை மதியம். திருப்பூரிலிருந்து வந்திருந்த கணவன் மனைவிக்கு டீ கொண்டுபோனேன். தட்டினேன்... பதிலில்லை. தாழ் போடவில்லை — அவன் செயல். அறை நடுவில் அடுப்பு. கட்டிலில் இருவரும். கண் திறந்திருக்கிறது, என்னைத் தெரியவில்லை. நானும் என் மனைவியும் வெளியே இழுத்துப் போட்டோம். வாந்தி, ஜீப், ஆஸ்பத்திரி. பிழைத்தார்கள்.

மறுநாள் அந்தத் திருப்பூர்த் தம்பி பெட்டி எடுக்க வந்தார்.

"போர்டப் படிக்கலையா தம்பி?"

"படிச்சனுங்க. ஆசீர்வாதம்னு நெனச்சுட்டனுங்க."

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "செத்துப்போவீகன்னு அதுல எங்கங்க போட்டிருக்கு?"

"சாமி படம் இருக்குற செவுத்துல அதை எப்புடி எழுதுறது?"

"செவுத்துல எழுதக் கூடாதாக்கும்... கட்டில்ல கெடக்கலாமா?"

குளித்து, திருநீறு பூசி, தம்பி சொல்லச் சொல்ல எழுதினேன்.

'டோன்ட் டேக் தி ஃபயர் இன்சைட். யூ வில் டை.'

"ஒரு ப்ளீஸ் போட்டுக்கவா தம்பி?"

"வேண்டாங்க. ப்ளீஸ் போட்டா யோசிப்பாங்க."

நல்ல இங்கிலீஷ் வேறென்ன? யார், என்ன செய்தால், என்ன ஆகும். மரியாதையைக் காபியில் காட்டிக்கொள்ளலாம்.

மலையில் அறை விடுகிறவர்களே, அந்த இரண்டு வரியை உங்கள் சுவரிலும் எழுதுங்கள். தெரிந்தவர்களுக்கும் அப்படியே அனுப்புங்கள்.

இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர்கள் மட்டும்... தயவுசெய்து திருத்த வேண்டாம்.