குண்டை முந்திய நெருப்பு

எங்கள் எதிர்வீட்டு விஞ்ஞானிக்கு இத்தனை வருடமாக ஒரே எதிரி, மயிரிழை அளவு இடைவெளி. அவருடைய மின்காந்தப் பீரங்கியில் மின்சாரம் பாய்ந்ததும், குண்டுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகடு ஆவியாகி, பிளாஸ்மா என்னும் நெருப்பாகிக் குண்டைத் தள்ள வேண்டும். நெருப்போ, பஸ்ஸில் இடம் பிடிக்க ஓடுகிறவரைப் போலக் குண்டுக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில் நுழைந்து முன்னால் ஓடிவிடும்; குண்டு உள்ளேயே நின்றுவிடும்.

நேற்று மேலிடத்துக் குழு வந்தது. இந்த முறையும் குண்டு வெளியே வராவிட்டால் ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு. அவர் பொத்தானை அமுக்கினார். குழாய் வாயில் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் வெடித்தது. குழுத் தலைவர் எழுந்து நின்று கைதட்டினார்.

"ஐயா, அது நெருப்புக் கசிவுங்க. குண்டு பாதிக் குழாய்லயே நின்னுடுச்சு. ஒழுங்கா வேலை செஞ்சா இவ்வளவு வெளிச்சம் வராது."

"அடக்கம் வேணும்தான், அதுக்காக இப்படியா? திட்டத்தை நீட்டிச்சாச்சு. ஆனா அடுத்த தடவையும் வெளிச்சம் குறையக் கூடாது!"

வீட்டில் மனைவி பதற்றத்தோடு கேட்டார்: "என்னங்க, மூடிட்டாங்களா?"

"இல்ல. கசிவை அடைக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"அதை அடைக்கத்தானே இத்தனை வருஷம் உயிரை விட்டீங்க?"

விஞ்ஞானி செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வீசினார்.