பேனர் பார்த்து வருகிற திருடன்

எங்கள் வீட்டில் திருடன் இரண்டு முறை புகுந்தான். முதல் முறை மிக்சி, குத்துவிளக்கு, அப்பாவின் புது வேட்டி எல்லாம் போயின. அவற்றுக்குப் பதிலாகப் புதியவை வாங்கி வைத்தோம். ஆறு மாதம் கழித்து வந்து அவற்றையும் எடுத்துக்கொண்டு போனான்.

“வழி தெரிஞ்ச வீட்டுக்குத்தாங்க திரும்ப வருவான். போனதுக்கெல்லாம் புதுசு வாங்கியிருப்பீங்கன்னு அவனுக்குத் தெரியாதா?” என்றார் விசாரிக்க வந்த ஏட்டு. தேதிகளைக் கேட்டு எழுதியவர் சட்டென்று நிமிர்ந்தார். இரண்டுமே எங்கள் வீட்டு விசேஷ நாட்கள். இரண்டு முறையும் அறந்தாங்கி சாலை முக்கில் பேனர் வைத்திருந்தோம். குடும்பத்தில் ஒருவர் விடாமல் படம், எந்த மண்டபம், எத்தனை மணிக்கு என்ற விவரம்.

“நீங்களே அவனுக்குப் பத்திரிகை வச்சிருக்கீங்க” என்றார்.

அடுத்து வந்தது என் தங்கை மகளின் காதுகுத்து. தாய்மாமன் நான்தான். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவள் பிறந்ததிலிருந்து அந்த நாளுக்காகக் காத்திருந்தேன். இந்த முறை பேனர் வேண்டாம் என்றேன்.

“பேனர் இல்லாமக் காதுகுத்தா? ஊர்ல என்னடா நெனைப்பாக?” என்று குதித்தார் அப்பா.

ஏட்டுக்கும் பேனர் வேண்டியிருந்தது. அதைப் பார்த்து வருகிறவனை வீட்டுக்குள் ஒளிந்திருந்து பிடிப்பது அவர் திட்டம். துணைக்கு வீட்டு ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்றார். அப்பா என்னைக் கை காட்டினார். தங்கை அழுதாள். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் திருடனை நானே கடித்திருப்பேன்.

அன்று காலை எல்லோரும் குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பியபின், பட்டு வேட்டியோடு கட்டிலுக்கு அடியில் படுத்தேன். ஏட்டு பீரோவுக்குப் பின்னால் நின்றார். மதியம்வரை ஒரு பூனைகூட வரவில்லை. ஏட்டுக்குப் போன்தான் வந்தது. அவர் வீட்டுப் பூட்டை உடைத்துவிட்டார்களாம்.

இருவரும் ஓடினோம். முக்கில், விடிகாலையில் கட்டிய பேனரை அப்போதுதான் பார்த்தோம். எங்கள் படங்களுக்குக் கீழே ஏட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். “விழா நேரத்தில் எங்கள் இல்லத்தைக் காவல் காக்கும் ஏட்டய்யாவுக்கும், குடும்பத்துடன் கோயிலுக்கு வருகை தரும் அவர் துணைவியாருக்கும் நன்றி” என்று அப்பா அச்சடித்திருந்தார்.

சாயங்காலம் கோயிலிலிருந்து திரும்பியவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. முறை தவறக்கூடாதென்று, அங்கே கட்டியிருந்த பேனரிலிருந்து என் படத்தை வெட்டி நாற்காலியில் விரித்து, அதன்மேல் குழந்தையை உட்கார வைத்துக் குத்தியிருக்கிறார்கள். அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். புதுத் தோட்டைப் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“மாமா, கோயில்ல ஒங்க மடி வெயில்ல ரொம்பச் சுட்டுச்சு.”