ஸ்ரீரங்கத்தில் எனக்குச் சிந்திக்கக் கற்றுக்கொடுத்தார்கள்

போன பங்குனிக் கடைசியில் திருச்சிக்குப் போனேன். கோயில் குளம் பார்க்க இல்லை, ஆபீஸ் அனுப்பியது. மதுரையில் மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் நிறுவனம் ஒன்றில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவள் நான். அந்த வேலையை இனிமேல் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளுமாம். படைப்பாற்றலோடு சிந்திக்கிறவர்கள் மட்டும் போதும் என்று மேலிடம் முடிவுசெய்து, எங்கள் பன்னிரண்டு பேரை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பியது. அது முடிந்ததும் பாதிப் பேருக்குத்தான் வேலை. இதையும் முகத்துக்கு நேரே சொல்லித்தான் அனுப்பினார்கள், அந்த மட்டுக்கும் யோக்கியர்கள்.

மாட்டுத்தாவணியில் காலை ஐந்தே முக்காலுக்கு பஸ் ஏறினால் எட்டரைக்குத் திருச்சி, சுமார் 135 கிலோமீட்டர். பழைய நினைப்பில் ஊருக்குள் இறங்கலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், எங்கள் பஸ் ஊருக்கு வெளியே பஞ்சப்பூர் புது நிலையத்தோடு நின்றுவிட்டது. அங்கிருந்து தென்னூர் ஹோட்டலுக்கு ஆட்டோக்காரர் முந்நூற்றைம்பது கேட்டு முந்நூறுக்கு வந்தார். கூட வந்தவள் சுகந்தி, பக்கத்து நாற்காலிக்காரி, ஒன்பது வருட சிநேகிதி. அவள் சம்பளத்தில்தான் அவள் வீடே ஓடுகிறது. வழியெல்லாம் விரல் விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள், பாவம்.

முதல் நாள் முழுக்க ஏசி அறையில் கலர் காகிதம் ஒட்டினோம். பயிற்சியாளர் பெங்களூர்க்காரர், தமிழ் சுமாராக வரும். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று: யார் என்ன யோசனை சொன்னாலும் குறை சொல்லக் கூடாது, கைதட்டிவிட்டு மேற்கொண்டு அதை வளர்க்க வேண்டும். பதினான்கு வருடம் குறை கண்டுபிடித்தே சோறு தின்றவளுக்கு இது எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். மதியச் சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

மறுநாள் ஸ்ரீரங்கம். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ், திருவானைக்காவல் வழியாக அரை மணி. பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அங்கே மக்கள் படும் ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்து, யாரும் யோசிக்காத தீர்வோடு மூன்று மணிக்குள் ஹோட்டலுக்குத் திரும்ப வேண்டும். மூன்று மூன்று பேராகப் பிரித்துவிட்டதில் சுகந்தி வேறு குழுவுக்குப் போய்விட்டாள்.

எங்கள் குழு வடக்கு வாசல் பக்கம் சுற்றியது. நெருப்பாகக் கொதிக்கும் ரோட்டில் மஞ்சள் உடையில் ஒரு குடும்பம் வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தது. விராலிமலைப் பக்கம், சமயபுரத்துக்கு நடக்கிறார்கள், வழியில் பெருமாளையும் சேவித்துவிட்டுப் போகிறார்களாம். கால் சுடவில்லையா என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"காப்பு கட்டுனதுலேருந்து செருப்பு போடுறதில்லீங்க. நடந்தே வரேன்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டோம்" என்றார் அந்த அம்மா. "நீங்க ஏன் வெயில்ல நிக்கிறீங்க, நிழலுக்கு வாங்க."

எங்களுக்கு உருப்படியாக ஒரு யோசனையும் கிடைக்கவில்லை. குடிதண்ணீர் பற்றி ஏதோ ஒப்பேற்றிக்கொண்டு திரும்பினோம்.

மூன்று மணிக்குச் சுகந்தியின் குழு மேடையேறியது. தெற்கு வாசலில் செருப்பை விட்டுவிட்டு வடக்கில் வெளியே வந்து தவிக்கும் பக்தர்கள், அவர்களுடைய செருப்பைக் கண்டுபிடித்துக் கொடுக்க ஒரு செயலி. திரையில் ஆதாரமாகப் போட்ட படத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே விராலிமலைக் குடும்பம். மஞ்சள் சேலை, கையில் காப்பு, வெறுங்கால். பயிற்சியாளருக்குத் தெரிய நியாயமில்லை. ஆனால் அந்த அறையில் இருந்த பன்னிரண்டு பேரில் யாருக்குத் தெரியாது? சுகந்தியின் அம்மா வருஷா வருஷம் மணப்பாறையிலிருந்து அதே வேண்டுதலோடு வெறுங்காலில் நடக்கிறவர். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் எழுந்து, இவர்கள் செருப்பைத் தொலைத்தவர்கள் இல்லை, போடாமல் வந்தவர்கள் என்றேன். சுகந்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், ஐடியாவைக் கொல்லாதீங்க" என்றார் பயிற்சியாளர், சிரித்துக்கொண்டேதான். பிறகு கையிலிருந்த டேப்லெட்டில் ஏதோ தட்டினார். அவர்களுக்கு முதல் பரிசு. பத்தாவது நாள் எனக்கு வேலை போனது. எதிர்மறைச் சிந்தனை என்று காரணம் சொன்னார்கள். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். அவர்களோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

ஸ்ரீரங்கம் போகிறவர்களுக்கு: காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். செருப்பைத் தெற்கு வாசலில் விட்டால் தெற்கு வழியாகவே வெளியே வாருங்கள். தாயார் சன்னதியை முடித்துவிட்டு அப்படியே வடக்கில் இறங்கினால், வீதியைச் சுற்றி வருவதற்குள் கால் வெந்துவிடும். அங்கிருந்து சமயபுரம் சுமார் பத்துக் கிலோமீட்டர். உங்கள் ஆபீஸ் உங்களைச் சிந்திக்கப் பழக்க அனுப்பினால், யோசிக்கவே யோசிக்காதீர்கள், செயலி என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.

சென்ற வாரம் சுகந்தி போன் பண்ணினாள். அவளுக்கு வேலை இருக்கிறது, சம்பளமும் கொஞ்சம் கூடியிருக்கிறது. கோபப்படத்தான் நினைத்தேன், அவள் குரலைக் கேட்டதும் முடியவில்லை. செயலியை நிஜமாகவே செய்துவிட்டார்களாம். ஆளாளுக்குப் பத்துப் பேரிடம் கொடுத்து முயன்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். திறந்ததும் முதல் கேள்வி, செருப்பை எங்கே விட்டீர்கள் என்பது. கீழே வாசல்களின் பெயர்கள். ஒன்றைத் தொட்டால்தான் மேலே போகும்.

"அம்மா போன்லயும் போட்டுக் குடுத்தேன்க்கா" என்றாள். "எதை அமுக்கணும்னு கேக்குறாங்க."