மடக்காத குடை

என் அப்பா பெரிய வீரர் என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். கரப்பான் பூச்சியைக் கண்டால் அம்மாவைக் கூப்பிடுகிறவர். ஆனாலும் ஒரு மழைக்காலத்தில் அவர் செய்ததை இன்றைக்கும் நான் மார்தட்டிச் சொல்வேன்.

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளிகளுக்குக் கம்பெனி கொடுத்த லயத்து வீட்டில் இருந்தோம். அங்கே ஒரு வழக்கம்: தோட்டத்து மேனேஜரான துரை எதிரே வந்தால், எவ்வளவு மழையானாலும் தொழிலாளிகள் குடையை மடக்கிவிட வேண்டும். அப்பா தோட்டத்துச் சங்கத்தின் செயலாளர். அவரும் மடக்குவார். இன்னொரு தகராறு வந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று ஆபீஸில் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்கள்.

அந்த ஆனி மாதம் ஒரு வெள்ளைக்காரர் தோட்டத்தைப் பார்க்க வந்தார். வேல்ஸ்காரர். அவர் வருவதற்கு முன்பே அப்பா அவர் கதையைச் சொல்லிச் சொல்லித் தட்டில் சோறு ஆறிப்போகும். சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவராம். வேலைநிறுத்தம் நடத்தியதற்காகக் கம்பெனி வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவராம். பிறகு சங்கத்தை வளர்த்தாராம்; அந்தச் சுரங்கத்து ஜனங்களே அவருக்கு ஓட்டுப் போட்டுப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்களாம். அம்மாவுக்கு இதில் வீடு போன கதை மட்டும்தான் காதில் விழுந்தது.

அவர் துரையோடு எங்கள் லயத்துப் பாதையில் நடந்து வந்தார். கொட்டுகிற மழை. வரிசையாக எல்லாக் குடைகளும் மடங்கின, அப்பாவுடையதும். வந்தவர் நின்று, துரையிடம் ஏதோ கேட்டார். எல்லாம் மரியாதைக்காக என்று பதில் வந்திருக்கும் போல. உடனே அவரும் தன் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்களுக்குத் தலை சாய்த்து வணங்கிவிட்டு, நனைந்தபடியே நடந்தார். கொஞ்ச தூரம் தனியாகக் குடை பிடித்துப் பார்த்த துரை, வேறு வழியில்லாமல் தானும் மடக்கினார். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வேல்ஸ்காரர் ஊருக்குப் போன மறுநாளும் மழை. அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். கொழுந்து பறிக்கப் போகும் அம்மா, கம்பளியைப் போர்த்திக்கொண்டு பின்னால் வந்தாள். எதிரே துரை.

"குடைய மடக்குங்க. புள்ளயோட தெருவுல நிக்கணுமா?" என்றாள் அம்மா.

அப்பா குடைக்காம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"நமக்காவ அந்த மனுசன் நனைஞ்சாரு. இனியும் நான் மடக்குனா, அவரு நனைஞ்சது வீணுல்லா" என்றார்.

பக்கத்தில் வந்த துரைக்குக் கும்பிடு போட்டார். குடை விரிந்தே இருந்தது. துரை குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாண்டிப் போய்விட்டார். அப்புறம் அம்மாவும் வந்து குடைக்குள் நுழைந்துகொண்டாள்.

அந்த மழைக்காலம் முடியும்வரை அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டியே வைத்திருந்தாள். சமைக்க அவிழ்ப்பாள், கழுவிவிட்டு மறுபடி கட்டுவாள். நல்லவேளை, காலி செய்யச் சொல்லி யாரும் வரவில்லை. எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? அன்று பள்ளிக்கூடத்தில் நான் பீற்றிக்கொண்டதெல்லாம், எல்லாப் பிள்ளைகளும் நனைந்து வந்திருக்க, என் பாவாடை மட்டும் நனையவில்லை என்பதைத்தான்.