மூன்றாம் பேஸில் பிள்ளையார்

லண்டனில் ஒரு பல்கலைக்கழக பேஸ்போல் அணிக்கு நான் உதவிப் பயிற்சியாளரானது என் திறமையால்தான் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மை வேறு. அங்கே பழுதான கணினிகளைப் பார்ப்பது என் வேலை. ஒருநாள் அணியின் தலைமைப் பயிற்சியாளர், கனடாவிலிருந்து வந்த பெண்மணி, தன் மடிக்கணினியைத் திருத்தக் கொண்டுவந்தார். பேச்சுவாக்கில், என்னிடம் ஏழு பேர் ஏறக்கூடிய வான் ஒன்று இருப்பதை அறிந்துகொண்டார். அடுத்த சனிக்கிழமையே நான் உதவிப் பயிற்சியாளர்.

“உங்களுக்கு அந்த விளையாட்டு தெரியுமோ?” என்று மனைவி கேட்டாள்.

“கிரிக்கெட் மாதிரித்தான்.”

“கிரிக்கெட்டும் உங்களுக்குத் தெரியாதேயப்பா.”

தெரியாது என்று சொல்ல முடியாது, மட்டையோடு ஓட வேண்டும் என்பதுவரை தெரியும். முதல் பயிற்சியில் என்னையும் அடிக்கச் சொன்னார்கள். பேஸ்போலில் பந்தை அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். நானோ மட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடி, அதை நீட்டித் தரையில் தேய்த்து முதல் பேஸைத் தொட்டேன். பிள்ளைகள் அன்றைக்குப் பயிற்சி செய்யவில்லை. சிரித்தே களைத்துப் போனார்கள்.

விளையாட்டு இதுதான்: அடித்தவர் பேஸ் எனப்படும் மூன்று தரைத்தட்டுகளைக் கடந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஓர் ஓட்டம். மூன்றாம் பேஸுக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சியாளர் நின்று, ஓடுவதா நிற்பதா என்று சைகை காட்டுவார். தொப்பி, மூக்கு, முழங்கை என்று கண்ட இடத்தையும் தொடுவார். அதெல்லாம் எதிரணியை ஏய்க்க. எங்கள் அணியில் இரண்டு காதையும் சேர்த்துப் பிடித்தால் மட்டும் அர்த்தம் உண்டு: பந்து வீசப்படும்போதே ஓடு.

இரண்டாம் ஆண்டில் அந்த இடத்தை எனக்குத் தந்தார்கள். நான் கை காட்டி ஒருவர் ஓடியதை வாழ்க்கையில் முதன்முதலாக அங்கேதான் பார்த்தேன். வீட்டில் நான் கை காட்டினால் தேத்தண்ணிகூட வராது. அந்த இடத்தை எக்காரணம் கொண்டும் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஆனால் வசந்தகாலத்து மகரந்தத்தில் காதுகள் அரித்தன, சொறிந்தேன். ஒரு பிள்ளை ஓடி அவுட். அடுத்த ஆட்டத்தில் மூக்குக்கண்ணாடியை இரு கையாலும் காதோரம் பிடித்துச் சரிசெய்தேன். இன்னொரு பிள்ளை ஓடி அவுட். இன்னுமொரு தவறான சைகை வந்தால் அடுத்த ஆண்டு வான் ஓட்டுவது மட்டும்தான் என் வேலை என்று தலைமைப் பயிற்சியாளர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

பருவத்தின் கடைசி ஆட்டம். இரு அணிகளும் சமநிலை, கடைசிச் சுற்று, ஓர் ஓட்டம் வந்தால் எங்களுக்கு வெற்றி. மூன்றாம் பேஸில் தோர்ண்டன் ஹீத்திலிருந்து வரும் நம்மவர் வீட்டு மாணவி நின்றாள். அவளை நிறுத்தி வைக்கும்படி தலைமைப் பயிற்சியாளர் எனக்குக் காட்டினார். நான் தலையாட்டினேன்.

பதற்றம் வந்தால் என் கைகள் என்னைக் கேட்பதில்லை. விம்பிள்டனில் பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் குட்டிக்கொண்டு, மனைவியிடம் ஏச்சு வாங்குகிற ஆள் நான். அன்றும் கண்ணை மூடி, பிள்ளையாரே என்று நெற்றிப்பொட்டில் குட்டினேன். கைகளைக் குறுக்கே மாற்றி இரண்டு காதுகளையும் பிடித்தேன். பிடித்த பிறகுதான் நான் நிற்கும் இடம் நினைவுக்கு வந்தது. கண்ணைத் திறந்தால் மூன்றாம் பேஸில் ஆள் இல்லை.

எதிரணிப் பந்து வீச்சாளர் இப்படியொரு துணிச்சலை எதிர்பார்க்கவில்லை. பதறி உயரமாக வீசினார். பிடிப்பவர் எம்பிப் பிடித்துக் குனிவதற்குள் இவள் புழுதியோடு வழுக்கிப் போய், புறப்பட்ட இடத்தைத் தொட்டுவிட்டாள். வென்றுவிட்டோம்.

எல்லோரும் அவளைத் தூக்கிச் சுற்றினார்கள். இறக்கிவிட்டதும் நேரே என்னிடம் வந்தாள்.

“அங்கிள், அது ஸைன் இல்லை. கும்பிட்டனீங்கள், என்ன?”

“ஓம் பிள்ளை. தெரிஞ்சுகொண்டே ஓடினனீ?”

“காதைப் பிடிச்சா ஓடோணும் எண்டுதானே சொல்லித் தந்தனீங்கள். அதோட உங்கட முகத்தைப் பாக்கேக்க, நிண்டாலும் தோப்பம் எண்டு விளங்கிச்சு.”

என்ன பேசுகிறீர்கள் என்று தலைமைப் பயிற்சியாளர் கேட்டார். பந்து வீச்சாளரின் தோள் அசைவைக் கவனித்தே அந்த முடிவை எடுத்தேன் என்று சொல்லத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவள் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். குட்டியும் காட்டினாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் புல்லைப் பார்த்தேன். அவருக்கு வாயோரத்தில் தொடங்கிய சிரிப்பு, பிறகு வாங்கில் உட்கார்ந்து வயிற்றைப் பிடிக்கும் அளவுக்குப் போனது. மூச்சு வந்ததும் தீர்ப்புச் சொன்னார்: அடுத்த ஆண்டும் மூன்றாம் பேஸ் எனக்கே. ஆனால் கும்பிடுவதைக் கார் தரிப்பிடத்திலேயே முடித்துவிட்டு வர வேண்டும்.

வீட்டில் சொன்னேன். “அப்ப பிள்ளையாருக்கெல்லோ அந்த வேலையைக் குடுத்திருக்கோணும்” என்றாள் மனைவி.

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தன்று நான் கார் தரிப்பிடத்து மூலையில் தனியாகக் குட்டிக்கொண்டு திரும்பினால், பின்னால் அணி முழுவதும் வரிசையாக நின்று குட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாம் அவள் பழக்கியது. தலைமைப் பயிற்சியாளர் கையைக் கட்டிக்கொண்டு எட்ட நின்றார். பிறகு மெல்ல அருகில் வந்து, காதைப் பிடிக்கும்போது எந்தக் கை மேலே வரவேண்டும் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

எனக்கு அது இன்றுவரை சரியாகத் தெரியாது. பயிற்சியாளருக்குரிய உறுதியான குரலில், வலது என்றேன்.